வீரம்மாள் கழற்றாத மாலை

எங்கள் தெருவில் வீரம்மாளைப் பக்திப் பழம் என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தை மாதம் மேல்மருவத்தூருக்குச் சிவப்புச் சேலை, அது முடிந்த கையோடு சமயபுரத்துக்கு மஞ்சள் சேலை, ஆடி வந்தால் மறுபடியும் சிவப்பு. வருஷத்தில் அவள் கழுத்தில் மாலை இல்லாத நாள் அபூர்வம். அத்தனைக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் நான். அடுத்த வீடும் என்னுடையதுதான். அந்தப் பக்தி எங்கிருந்து வந்தது என்று தெருவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

வீரம்மாளும் அவள் புருஷன் மாயவனும் பீங்கான் வேலைக்காரர்கள். அவர் சூளையில் அடுக்குவார், அவள் அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்கு ஓரம் சீவி ஈரப் பஞ்சால் துடைப்பாள். மகள் மதிவதனியைப் பாண்டிச்சேரியில் கட்டிக்கொடுத்தார்கள். அறுபது தாண்டிய பிறகும் சாயங்காலம் அவர் பூ வாங்காமல் வீட்டுக்கு வந்ததில்லை.

"கெழவனுக்கு இன்னும் ஆசை பூடல பிரபா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். முகத்தில் வெட்கம் இருக்கும், வருத்தம் இருக்காது. அதில் என்ன தப்பு? புருஷன் பெண்டாட்டி கதவைச் சாத்திக்கொண்டால் ஊருக்கு என்ன நஷ்டம்? தலை நரைத்தால் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்?

பிறகு மாயவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் மாத்திரை எழுதினார், போதவில்லை என்று அதைக் கூட்டினார். நடுக்கம் அடங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்திருந்தபோதுதான் வீரம்மாள் என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பகல்னு இல்ல, ராத்திரின்னு இல்ல. ஒடம்பு நோவுதுன்னா காதுலயே வாங்க மாட்டேங்குறாரு. மாட்டேன்னா ஒக்காந்து அழுவுறாரு. கண்ணத் தொடச்சிக்கினு மறுபடியும் கையப் புடிச்சி இழுக்குறாரு. அந்த மனுசன் இப்படிப்பட்ட ஆளே கெடையாது பிரபா."

"டாக்டருகிட்ட சொல்லுக்கா."

"அய்யய்ய! ஒரு ஆம்பளகிட்ட போயி இத வாயத் தொறந்து சொல்லவா? எப்படி இருக்காருன்னு கேக்குறாரு. நல்லாத்தான் இருக்காருங்கன்னு சொல்லிட்டு வந்துடுறேன்."

"மதிவதனிகிட்டயாவது?"

"பெத்த பொண்ணு மூஞ்சில அப்புறம் எப்படி முழிப்பேன்?"

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டு என்றேன். நிலத் தகராறோ கோழித் திருட்டோ, எங்கள் பக்கத்தில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் தாளில் எழுதிக் கோயிலில் கட்டிவிட்டு வருவார்கள், சாமி விசாரித்துக்கொள்ளும். அதற்கும் அவள் அசையவில்லை. "என்னன்னு எழுதுறது?" என்றாள்.

மாலை போடும் யோசனை அவளுடையதுதான். மாலை போட்டவளைத் தொடக்கூடாது, அம்மன் என்றால் மாயவனுக்கு ரொம்பப் பயம். சிவப்புச் சேலையைப் பார்த்ததும் ஒதுங்கிப் படுத்தார். அவளும் பல மாதம் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள். அதனால்தான் ஒரு விரதம் முடிந்ததும் அடுத்த விரதம். தெருவே அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டது.

ஆனால் மனிதருக்குள் இருந்தது மாலையைக் கண்டு ஓடிப்போகவில்லை. டீக்கடையில் வாலிபப் பையன்களோடு உட்கார்ந்து செல்போனில் கண்டதையும் பார்த்தார். அவன்களும் "தாத்தாவுக்கு வாலிபம் திரும்புதுடா" என்று சிரித்துச் சிரித்துக் காட்டினான்கள். ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்ற பெண்ணின் இடுப்பில் கை வைத்துவிட்டார். அவள் போட்ட கூச்சல் நியாயம். நானாக இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். ஆனால் ஓடிவந்து அவரைக் கீழே தள்ளி மிதித்தவர்கள் யார் தெரியுமா? போனில் படம் காட்டிய அதே பாவிகள்தான்.

மதிவதனி வந்து அப்பாவைப் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். துணைக்கு வீரம்மாளோடு நானும் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர். காயத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, கூச்சப்படாதீங்க. இவருக்கு ஆசை அடக்க முடியாம போயிடுச்சா?"

மதிவதனி சுவரைப் பார்த்தாள். வீரம்மாள் கழுத்து மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "ஆமாங்க" என்றாள்.

"இந்த மாத்திரை சில பேருக்கு இப்படிப் பண்ணும். ஆசை வர்றது வியாதி இல்லம்மா, எந்த வயசுலயும். நிறுத்தணும்னு நெனச்சாலும் முடியாம, கூட இருக்கவங்கள நோகடிக்கிற வரைக்கும் போனா, அதுதான் வியாதி. மொதல்லயே சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பாங்க."

"மாத்தரையா?" என்றாள் வீரம்மாள். வெளியே வந்து வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மாத்தரையாடி பிரபா? நா அந்த மனுசன வாயில வந்தபடி திட்டுனேனே. செத்துத் தொலைய மாட்டியான்னு கேட்டேனே."

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். சில மாதங்களில் அந்த வெறி போய்விட்டது. நடுக்கம் திரும்பி வந்தது. வீரம்மாள்தான் டீயை ஆற்றி அவர் வாயில் வைத்தாள். வெறி போனதே தவிர, நடந்த எதுவும் அவருக்கு மறக்கவில்லை. வாசலில் பெண் குரல் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். தெருவில் கால் வைக்கவேயில்லை.

போன ஆடி முடிந்ததும் வீரம்மாள் என்னிடம் மாம்பழக் கலரில் ஒரு ஜாக்கெட் தைக்கச் சொன்னாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு விரதத்துக்கு இல்லாத ஒரு ஜாக்கெட். சந்தோஷத்தில் கூலி வேண்டாம் என்றேன். கொண்டுபோனபோது அவள் மாயவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மாலய எறக்கப் போறேன்" என்றாள் அவரிடம். "இனிமே எதுக்கு? நீங்கதான் பழயபடி ஆயிட்டீங்களே."

அவர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கை உதறியது.

"வேணாம் வீரம்மா. கழட்டாத."

"அது மாத்தர பண்ணுனது. நீங்க பண்ணல. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க இல்ல?"

"கை என்னுதுதான?" என்றார். பிடித்திருந்த கையை அப்போதுதான் பார்த்தவர்போல வெடுக்கென்று எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். "எனக்கு என்னயே நம்ப முடியல. ஒன் கழுத்துல அது கெடக்கட்டும்."

நான் நீட்டிய ஜாக்கெட்டை வீரம்மாள் வாங்கவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, சிவப்பு ஜாக்கெட் துணி ஒன்றை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள்.