கடைசிப் பதினோரு பக்கங்கள்

ஒரு முதியவரை நான் ஏமாற்றினேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே, ஆசையோடு!

ஈப்போவில் ஒரு நூலகத்தில் நான் குமாஸ்தா. எங்களிடம் இல்லாத புத்தகங்களை வேறு நூலகங்களிலிருந்து இரவலாக வரவழைத்துத் தருவது என் வேலை. ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், பள்ளிப் படிப்பை நிறுத்தியவள். அதிகம் பேசாதவள். என்னைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

அந்த முதியவர் எங்கள் ரப்பர்த் தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். அலமாரியில் ஒரு கதைப்புத்தகம் காணாமல் போனபோது, பத்து வயதான என்னைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினார்.

"திருட்டுக் கழுதை! பால்மரம் வெட்டுறவ மகளுக்குக் கதை கேக்குதா?"

நான் எடுக்கவில்லை. மறுவாரம் அது அவர் மேசைக்குள்ளேயே கிடைத்தது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை... ஒன்றுமே!

சென்ற ஆண்டு கைத்தடியோடு நூலகத்துக்கு வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. இறந்துபோன மனைவி எழுதி, சொந்தமாக அச்சிட்ட ஒரே நாவலைக் கேட்டார். வீட்டிலிருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டதாம்.

கோலாலம்பூரிலிருந்து புத்தகம் வந்தது. அதை மேசைக்குள் பூட்டிவிட்டு, முதல் அத்தியாயத்தின் நகலை மட்டும் நீட்டினேன்.

"இவ்ளோதானாம்மா?"

"புத்தகத்த அனுப்ப மாட்டாங்களாம் சார். பதிப்புரிமைச் சட்டம். கொஞ்சப் பக்கந்தான் நகல் எடுக்கலாம்."

"என் பொண்டாட்டி எழுதுனதுலா! செத்தவளா வந்து கேஸ் போடப் போறா?" என்று சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "முடிவு மறந்துபோச்சும்மா. வரவர எல்லாம் மறக்குது..."

சட்டம் எனக்குத் தெரியும். மனைவிக்குப் பிறகு உரிமை அவருடையது. அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் முழுவதையும் நகலெடுக்கலாம். அந்த அனுமதிப் படிவம் என் முழங்கைக்கு அடியில்தான் இருந்தது!

"ஒண்ணும் செய்ய முடியாது சார்" என்றேன். அது எவ்வளவு இனித்தது, தெரியுமா உங்களுக்கு?

திருப்பி அனுப்புமுன், கடைசிப் பதினோரு பக்கங்களை எனக்காக நகலெடுத்து ஒளித்துவைத்தேன். யாருடைய அனுமதியும் இல்லாமல்! அன்று நான் திருடவில்லை. இன்று திருடி. படிப்பதற்காகவா எடுத்தேன்? இல்லை... அவரிடம் இல்லாதது என்னிடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். இன்றுவரை ஒரு வரிகூடப் படிக்கத் துணியவில்லை.

செவ்வாய்தோறும் பேருந்தேறி வருவார். "சட்டம் மாறுச்சாம்மா?" என்பார். இல்லையென்று தலையாட்டுவேன்.

போன செவ்வாய் வந்தவர் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் என்ன கேட்டு வந்தேம்மா?"

பக்கங்கள் மேசைக்குள். சாவி என் கையில்.

"தெரியல சார்" என்றேன்.