சேகரின் வலது கணுக்கால்

செர்டாங் பக்கம் ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை வெட்டுகிறவர் சேகர். ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மனைவி லெட்சுமியின் தோளைப் பற்றியபடி என் பிசியோ அறைக்குள் நொண்டிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் கால் மடங்கிவிட்டதாம். வலது கணுக்கால் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, எலும்பு முறியவில்லை, லிகமெண்ட்தான் கிழிந்திருக்கிறது என்று அனுப்பியிருந்தார்.

"ஊருட் பண்ணி நீவி விட்டா சரியாயிடும்லா, மிஸ்ஸி?" என்றார் சேகர்.

"வீக்கத்துல நீவக் கூடாது. ஐஸ் வைங்க, பேண்டேஜ் கட்டுங்க, காலைத் தூக்கி வச்சுப் படுங்க. அப்புறம் எக்சர்சைஸுக்குக் கட்டாயம் வரணும்."

அடுத்த முறை சிரித்துக்கொண்டே நடந்து வந்தார். வலி போய்விட்டது என்றார். எந்த வேலைக்குத் திரும்பப் போகிறீர்கள் என்று கேட்டேன், குலை வெட்டத்தான் என்றார். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னேன். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தார்.

"வலிதான் போயிருக்கு சேகர், பேலன்ஸ் வரல. மறுபடியும் மடங்கும். கொஞ்ச நாளைக்குக் குலை வெட்டாதீங்க."

"எம்சி லீவு முடிஞ்சிருச்சு மிஸ்ஸி. மண்டோரு வேற ஆளைப் போட்டுட்டா நான் எங்க போறது?"

லேசான வேலை கொடுக்கும்படி டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தேன். தோட்டத்தில் அப்படி வேலையே இல்லை என்றாராம் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர். சேகர் அதன்பின் வரவில்லை. போன் செய்தேன். லெட்சுமி எடுத்தார்.

"அப்பப்ப மடங்குதாம் மிஸ்ஸி. உதறிட்டு நடந்துடறாரு."

"ஒரு தடவை கூட்டிட்டு வாங்கம்மா."

"சொல்லித்தான் பாக்குறேன்."

பிறகு அவர் வந்தது சக்கர நாற்காலியில். உயரமான மரம். கீழே நின்று நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் குலையை அறுத்துவிட்டு விலகும்போது கால் மடங்கிக் குப்புற விழுந்திருக்கிறார். இருபது கிலோவுக்கு மேலிருந்த குலை முதுகில் விழுந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

மூட்டுகள் இறுகாமல் அசைத்துவிடுவது என் வேலை. அதே வலது பாதத்தைப் பிடித்து மெல்ல மேலே தள்ளினேன். வீக்கம் சுத்தமாக வற்றியிருந்தது. நான் பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"இனிமே எங்க மிஸ்ஸி மடங்கப் போவுது?" என்றார்.

லெட்சுமி எழுந்து வெளியே போய்விட்டார். நான் அடுத்த பாதத்தைப் பிடித்து அசைக்கத் தொடங்கினேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். சுளுக்கு என்று வருகிறவரிடம் வலி குறைந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் காலை ஊன்றி என்ன வேலை செய்யப் போகிறார் என்றும் கேளுங்கள். கேட்டால் காப்பாற்றிவிடலாம் என்று சொல்ல மாட்டேன். நான் கேட்டுத்தான் இருந்தேன்.