பேய்ப் புத்தகத்தோடு மல்லுக்கு நின்ற லொரெட்

நூலகப் புத்தகத்தில் கிறுக்குகிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது. முப்பது வருடமாக இந்த ஊர் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தின் மூலையை மடித்தவர்களையே முறைத்து அனுப்பியிருக்கிறேன். லொரெட் மிஷோ ஒருத்திதான் என்னிடம் தப்பித்தவள், அதுவும் ஒரே ஒரு புத்தகத்துக்காக. அதில் அவள் பென்சிலால் எழுதிவைத்ததை நான் இன்றுவரை அழிக்கவில்லை.

லொரெட் எங்கள் கல்லறைத் தோட்டத்தின் பொறுப்பாளி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், இந்த வடகோடியில் நவம்பர் கடைசியில் மண் இறுகிவிட்டால் மே மாதம்வரை கடப்பாரை இறங்காது. இடையில் செத்தவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். அதற்கென்று சரிவில், பாதி மண்ணுக்குள் போன ஒரு கருங்கல் அறை இருக்கிறது. வெளியே இரும்புக் கதவு, உள்ளே சவப்பெட்டிகளை வைக்க மூன்று வரிசை மரத்தட்டு. குளிர்கால அறை என்போம். அதன் சாவி இருபத்திரண்டு வருடமாக லொரெட்டின் கழுத்தில் தொங்கியது.

உருளைக்கிழங்கு விவசாயி வீட்டில் ஒன்பதாவது பிள்ளை அவள். கிழங்கு தோண்டுவதற்காக இங்கே பள்ளிக்கூடத்தையே மூன்று வாரம் மூடுவார்கள். அவளுக்குப் பதினைந்து வயதானபோது மற்ற பிள்ளைகள் வயலிலிருந்து பள்ளிக்குத் திரும்பினார்கள், இவள் திரும்பவில்லை. மாவு ஆலையில் கொஞ்ச காலம், மரம் வெட்டுகிறவர்களின் முகாமில் சமையல்காரியாகக் கொஞ்ச காலம். அங்கே ரெனால்ட் என்ற மரவெட்டியைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள், பிடிபட்டால் நம்மைத் திட்டுவாள்.

கல்லறை வேலைக்கு அவள் விண்ணப்பம் போட்டபோது ஊர்ச் சபையில் சிரித்தார்கள். உயரம் நாலடி பத்தங்குலம்.

"பெட்டியைத் தூக்க உன்னால முடியுமாம்மா?" என்று ஒருத்தர் கேட்டார்.

"தூக்கறதுக்குத்தான் உங்களை மாதிரி ஆறு தடியங்க வருவீங்களே. எனக்குக் கதவைத் திறந்து எந்தத் தட்டுன்னு சொல்ற வேலைதானே?"

வேலை கிடைத்தது. ஜனவரியில் பூட்டில் உறைந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே போனால், உள்ளே இருப்பவர்களுக்கு அன்றைய குளிரைச் சொல்லுவாள். "இன்னிக்கு மைனஸ் முப்பது. வண்டி கிளம்பல. நீங்கல்லாம் குடுத்து வச்சவங்க." பாதிரியாருக்கு இது பிடிக்கவில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை என்பது லொரெட்டுக்கு ரொம்பப் பிடித்தது.

இப்படி இருக்கையில்தான் அந்த எழுத்தாளன் வந்தான். ஏரிக்கரையில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் தங்கினான். லொரெட்டிடம் இரண்டு தடவை பேசினான், அறையைச் சுற்றிப் படம் எடுத்தான், போய்விட்டான். இரண்டு வருடம் கழித்து நாவல் வந்தது, 'மே மாதம்வரை' என்று. அட்டையில் எங்கள் இரும்புக் கதவேதான்.

கதை இதுதான். சாவு ஒரு குமாஸ்தா. யார், எந்த நாள் என்று முன்பே எழுதிவைத்துவிட்டது. பனி உருகுமுன் கடைசியாக அறைக்குள் வைக்கப்படும் பிணத்துக்குத் தனியே தூக்கம் வராது. ஆற்றில் பனிக்கட்டி உடைகிற நாளில் அது உள்ளேயிருந்து மூன்று தட்டுத் தட்டும். தன் வீட்டிலிருந்து ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிடப்பட்டவர் போயே தீர வேண்டும். ஒருத்தன் காரில் தப்பி ஓடுகிறான், நூறு மைல் போன பிறகும் சாலை வளைந்து வளைந்து அதே கதவில் கொண்டுவந்து விடுகிறது. ஒருத்தி ஊரை விட்டே போய்ப் பெயரை மாற்றிக்கொள்கிறாள், புதுப் பெயரையே சொல்லிக் கூப்பிடுகிறது. தலையெழுத்தை யாரும் மீற முடியாது. கல்லறைக்காரக் கிழவி ஒருத்தி வருகிறாள். ஊமை. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பாள், அவ்வளவுதான்.

"ஊமையாம்! என்னைப் போய் ஊமைங்கறான்!" லொரெட் என் மேசைமேல் புத்தகத்தைப் போட்ட சத்தத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "மூணு தரம் படிச்சேன். மூணு தரமும் வயிறு எரிஞ்சுது."

திறந்து பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில். 'பொய்.' 'இவன் சவப்பெட்டிகிட்ட நின்னதே இல்ல.' 'ஏன் எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறாங்க? ஒருத்தனுக்குக்கூடக் கதவைச் சாத்தத் தெரியாதா?'

எனக்குப் புத்தகம் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நம் ஊர் ஒரு நாவலில் வந்திருக்கிறது என்ற பெருமை வேறு. பிப்ரவரியில் நூலகத்தில் வாசகர் கூட்டம் நடத்தினேன். பதினாறு பிரதி வாங்கி, நானே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். அந்தப் பதினாறில் ஒன்று நோர்மன் கரோனுக்குப் போனது. எழுபத்து நாலு வயது, உருளைக்கிழங்கு விவசாயம் பார்த்து ஓய்ந்தவர். அவர் மனைவி ஃப்ளோராவும் கூட வந்தாள், கேக் கொண்டுவந்தாள்.

கூட்டத்தில் லொரெட் ஆடித் தீர்த்துவிட்டாள். "சாவு வரும். யார் இல்லேங்கறா? நான் வருஷத்துக்குப் பத்துப் பேரைப் பாக்கறேன். ஆனா அது குமாஸ்தாவும் இல்ல, கோமாளியும் இல்ல. அதுக்கு நம்ம பேர்கூடத் தெரியாது. இந்த ஆள் என்னடான்னா சாவுக்கு ஆபீஸ் போட்டு உக்கார வச்சிருக்கான். விதி விதின்னு எல்லாரும் ஆட்டு மந்தை மாதிரி போறாங்க. ஒருத்தனாவது 'வரமாட்டேன் போ'ன்னு சொன்னா என்னவாம்?"

"சொன்னா கதை முடிஞ்சிரும் லொரெட்," என்றாள் ஃப்ளோரா, கேக்கை வெட்டிக்கொண்டே. எல்லோரும் சிரித்தோம்.

ஏப்ரல் இரண்டாம் தேதி ஃப்ளோரா இறந்துபோனாள். சமையலறையில் மாரடைப்பு. எட்டாவது பெட்டியாக, கதவை ஒட்டிய கீழ்த்தட்டில் அவளை வைத்தோம். அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குப் பிறகு யாரும் சாகவில்லை. கடைசி ஆள் ஃப்ளோராதான் என்பது எனக்கு உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று. நோர்மனுக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது.

நாயை மருமகனிடம் கொடுத்துவிட்டார் என்று முதலில் கேள்விப்பட்டேன். பிறகு நல்ல கோட்டைச் சலவைக்குப் போட்டிருக்கிறார் என்றார்கள். ஆற்றுப் பனிக்கட்டிமேல் வருடா வருடம் ஒரு மரக்கூண்டை நிறுத்தி, அது என்றைக்கு நகரும் என்று ஊரே பந்தயம் கட்டும். ஜெயித்தவருக்கு ஒரு பன்றித்தொடை. நோர்மன் தினமும் காலையில் பாலத்தில் நின்று அந்தக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயச் சீட்டு மட்டும் வாங்கவில்லை. கடைசியாக மருத்துவமனைத் தாதி என்னைத் தேடி வந்தாள்.

"அவருக்குச் சர்க்கரை. ஆறு நாளா இன்சுலின் போட்டுக்கல. சாப்பாடும் சரியா இல்ல. இப்படியே போனா நினைவு தப்பிரும். சுயபுத்தியோட இருக்கற மனுஷனை நான் கட்டியா தூக்கிட்டுப் போக முடியும்? ஏன்யா இப்படின்னு கேட்டா, 'ஃப்ளோரா கூப்பிடுவா'ங்கறார்."

அந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தவள் நான். லொரெட்டிடம் ஓடினேன். அவள் ப்ளோய் என்ற எங்கள் ஊர்த் தோசையைச் சுட்டுக்கொண்டிருந்தாள். கல்லை இறக்கி வைத்தாள், நான்கு ப்ளோயைத் துணியில் சுற்றிக்கொண்டாள், என் வண்டியில் ஏறினாள். வழியில் மருத்துவமனையில் நிறுத்தி இன்சுலின் ஊசிப் பெட்டியை வாங்கிக்கொண்டோம். பாலத்தைக் கடக்கும்போது ஆறு முனகுவது காரின் கண்ணாடி வழியாகவே கேட்டது. இன்றைக்கோ நாளைக்கோ உடைந்துவிடும்.

நோர்மன் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. எதிரே தண்ணீர்க் குவளைகள்.

"என்ன மாப்பிள்ளை, கல்யாணத்துக்குக் கிளம்பிட்டியா?" என்றாள் லொரெட்.

"கேலி பண்ணாதே லொரெட். இன்னிக்கு ஐஸ் உடையும். அவ கூப்பிடுவா. நான் போயிருவேன்."

"யோவ், நாப்பத்தெட்டு வருஷம் அவ உன்னைக் கூப்பிட்டா. ஒரு நாளாவது முதல் குரலுக்கு நீ எழுந்து போயிருக்கியா? இன்னிக்கு மட்டும் என்ன அவசரம்?"

நோர்மனின் முகம் செத்துவிட்டது. எனக்கே அவளை அறையலாம் போலிருந்தது. அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கும் கூப்பிட்டா. நான் கொட்டகையில டிராக்டருக்கு அடியில படுத்திருந்தேன். மூணு தரம் கூப்பிட்டா. சாப்பிடத்தான் கூப்பிடறான்னு நினைச்சேன். 'இதோ வரேன்'னு சொன்னேன். போல்ட்டை முடுக்கிட்டு, கையைத் துடைச்சிட்டு, இருபது நிமிஷம் கழிச்சுப் போனேன். தரையில கிடந்தா."

லொரெட் ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை முதல் தட்டுக்கே போயிருவேன்," என்றார் நோர்மன். "அதான்."

"சரி," என்றாள் லொரெட். "எழுந்திரு. இங்க உக்காந்திருந்தா உனக்கு எப்படிக் கேட்கும்? உனக்குப் பாதிச் செவிடு. கதவுகிட்டயே போயிருவோம்."

நான் அவளைத் தனியே இழுத்து, "உனக்குப் பைத்தியமா? அங்கயே விழுந்துட்டார்னா?" என்றேன்.

"இங்க இருந்தாலும் விழத்தான் போறார். இவர்கிட்ட வாதம் பண்ணிப் புண்ணியமில்ல. அந்தப் புத்தகம் சொன்னது நடக்குதா இல்லையான்னு அவர் கண்ணால பாக்கட்டும்."

விதியை மதியால் வெல்லலாம் என்பார்கள். லொரெட்டிடம் மதியைவிடப் பிடிவாதம்தான் அதிகம், ஆனாலும் எனக்கு வேறு வழி தோன்றவில்லை. வண்டியில் கல்லறைத் தோட்டம்வரை போய், அங்கிருந்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை நடத்திக்கொண்டு போனோம். சரிவில் பனி குழைந்து முழங்காலளவு சேறாக இருந்தது. லொரெட் கதவை முழுக்கத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்தாள். உள்ளே மூன்று பால்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். ஃப்ளோராவின் பெட்டி நோர்மனின் முழங்காலை இடித்துக்கொண்டு இருந்தது. வெளியே பட்டப்பகல் வெயில். அந்த நாவலை எழுதியவனும், அதைப் பதினாறு பிரதி வாங்கிய நானும் நாசமாய்ப் போக என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

பதினொன்றே காலுக்குத் தீயணைப்பு நிலையத்தின் சங்கு ஊதியது. கூண்டு நகர்ந்துவிட்டது. ஆற்றிலிருந்து இடி இடிப்பதுபோல் சத்தம் வந்தது, கீழே தெருவில் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நோர்மன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நல்ல காதைப் பெட்டிப் பக்கம் சாய்த்தார்.

லொரெட் மரத்தட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "யாராவது தட்டறதா இருந்தா தட்டுங்க. நாங்க மூணு பேரும் இங்கதான் இருக்கோம். ஃப்ளோரா, உனக்கு ஆள் வேணும்னா சொல்லு. ஆனா இந்த ஆளை அனுப்பமாட்டேன். என்னைத் தாண்டித்தான் வரணும்."

கால் மணி நேரம் போயிற்று. அரை மணி நேரமும் போயிற்று. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது, கதவோரம் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. பெட்டி பெட்டியாகவே இருந்தது.

நோர்மன் நிமிர்ந்தார். தப்பித்துவிட்டோம் என்ற முகமே இல்லை அது. திருவிழாவில் அம்மாவைத் தொலைத்த குழந்தையின் முகம்.

"கூப்பிடலயே லொரெட்."

"கூப்பிட மாட்டா."

"என் மேல கோவமா?"

"கோவப்படக்கூட அவ இல்லய்யா. அதுதான்யா சாவு." லொரெட் நடுத்தட்டின் பக்கம் கையைக் காட்டினாள். "என் ரெனால்ட் நவம்பர் முப்பதாம் தேதி செத்தான். மே பத்து வரைக்கும் இதோ, இந்த நடுத்தட்டுல கிடந்தான். சாவி என் கழுத்துல. தினம் வந்தேன். இப்ப நீ வச்ச மாதிரி காதை வச்சேன். ஒரு ராத்திரி இங்கயே படுத்தேன். ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தான்னா நான் எவ்வளவு சந்தோஷமா போயிருப்பேன் தெரியுமா? அந்த எழுத்தாளன் பயமுறுத்தறானாம்! செத்தவங்க கூப்பிடுவாங்கன்னு எழுதி வச்சிருக்கான். அதைவிட ஆறுதல் என்னய்யா இருக்கு? அதனாலதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. பொய்யான ஆறுதல். அதுக்கு உன் உயிரைக் குடுக்கணுமா? குடுக்காதே. நான் குடுக்கல."

நோர்மன் பெட்டிமேல் தலையைச் சாய்த்து அழுதார். வயசான ஆண்கள் அழும்போது இருமுவதுபோல்தான் இருக்கிறது. லொரெட் அவர் முதுகில் கை வைக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. துணியைப் பிரித்து ப்ளோயை எடுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அழுது முடிக்க வெகு நேரம் ஆயிற்று. பிறகு அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்சுலின் ஊசியை வைத்திருந்த என் பக்கம் திரும்பினார். சலவைக்குப் போட்டு வந்த கோட்டைத் திறந்து, சட்டையை வயிற்றுக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"குத்து," என்றார். "சீக்கிரம் குத்து. குளிருது."