ஆயிரத்து எண்பது சீட்டுகள்

பட்டியலில் முதல் பெயர் என் அண்ணியுடையது. மருத்துவமனை வாசலில், இரும்புக் கதவை ஒட்டிய சுவரில், பசைகூடக் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது. 'பழைய ஆட்சிக்கு ஆள் காட்டியவர்கள்' என்று தலைப்பு. பெயர், வேலை, எழுதிக்கொடுத்த புகார்களின் எண்ணிக்கை என மூன்றே பத்திகள். அண்ணிக்கு நேரே ஆயிரத்து எண்பது என்று போட்டிருந்தது. அடுத்து வந்தவனுக்கு வெறும் நாற்பத்தொன்று. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணி மருத்துவமனைச் சலவையகத்தில் இஸ்திரி போடுகிறவர். பதினெட்டு வருடம் ஒரே மேசையில் நின்றவர். வலது முன்கையில் நீராவிக் குழாய் சுட்ட நீளத் தழும்பு. அதிகம் பேச மாட்டார். பேசினால் தான் சிரிக்காமல் மற்றவர்களைச் சிரிக்க வைப்பார். அண்ணன் நெஞ்சுவலியில் போன பிறகு, ஊழியர் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அவரும் நானும் ஒரே அறையில் இருந்தோம். எனக்கும் அதே சலவையகத்தில்தான் வேலை, துணி உலர்த்தும் பகுதியில். மொத்தம் பத்துப் பெண்கள். எங்களை மேய்க்க ஒரு மேற்பார்வையாளர். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும் என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் விசில்.

தலைவர் ஆண்ட காலம் அது. அவர் நூறு வயதுவரை ஆள்வார் என்று பள்ளிப் பாடத்திலேயே போட்டிருந்தார்கள். உழைக்கிறவர்களின் அரசு என்றார்கள். உழைத்தது நாங்கள், அரசு அவர்களுடையது. ஒரு வருடம் கட்சியிலிருந்து புது உத்தரவு வந்தது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஒவ்வொரு வேலையிடமும் விழிப்புச் சீட்டு கொடுக்க வேண்டும். யார் கட்சியைக் கிண்டல் செய்தார்கள், யார் ரொட்டி வரிசையில் பெருமூச்சு விட்டார்கள் என்று எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பத்துப் பேர் இருந்தால் பத்துச் சீட்டு. யார் எழுதினாலும் சரி, எண்ணிக்கை குறையக் கூடாது. குறைந்தால் எல்லோருடைய ரொட்டி அட்டையிலும் வெட்டு விழும்.

முதல் சனிக்கிழமை விசில் தையல்காரியைப் பிடித்துக்கொண்டார். கிழிந்த விரிப்புகளைத் தைப்பது அவள் வேலை. பாய்லர்காரர் தலைவரின் மீசையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்திருந்தார், அதை எழுது என்று மிரட்டினார். தையல்காரி தன் கைக்குழந்தையை அந்தப் பாய்லர்காரர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் தினமும் வேலைக்கு வருவாள். பேனாவைப் பிடித்தபடி அழுதுகொண்டே இருந்தாள். நாங்கள் எல்லோரும் குனிந்து துணியை எண்ணினோம்.

அண்ணி மட்டும் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளை ஒன்று விடாமல் படித்தார். பதினான்காவது விதியில் வந்து நின்றார். சுயவிமர்சனமும் சீட்டுக் கணக்கில் சேரும் என்று அதில் இருந்தது. நேராகப் போய்த் தையல்காரியின் கையிலிருந்த தாளை வாங்கினார்.

"எல்லாச் சீட்டையும் என்கிட்ட குடுங்க. நான் செஞ்ச தப்பையே எழுதறேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாததா?"

அன்றைக்கு ஆரம்பித்து மாதம் பத்துச் சீட்டு, ஒன்பது வருடம். 'தலைவரின் உரை ஒலிபரப்பானபோது நான் இரண்டு முறை கொட்டாவி விட்டேன்.' 'தலைவர் படம் இருக்கும் திசையில் தும்மினேன், உடனே வருந்தினேன், ஆனால் மறுபடியும் தும்மினேன்.' 'ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில் என் கால் வலியைப் பற்றி யோசித்தேன்.' முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு அவர் படித்துக் காட்டுவார், நாங்கள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரிப்போம். மேலே இருந்தவர்கள் எதையும் படித்ததில்லை. எண்ணிக்கை சரியா என்று மட்டும் பார்த்து, குற்றம் செய்தவர் என்ற இடத்தில் இருக்கும் பெயரைத் திருத்த வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒன்பது வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளும் அண்ணிக்குப் போயின. ஆறு மணி நேரம் நின்றுகொண்டே பாடம் ஒப்பிக்க வேண்டும். பதவி உயர்வு கிடையாது. கால் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டது. முதலில் எல்லோரும் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். இரண்டாம் வருடம் முதல் வெற்றுச் சீட்டை அழுக்குத் துணி போடுகிற மாதிரி அவர் மேசையில் வீசிவிட்டுப் போனார்கள். நானும்தான். ஒரு மாதமாவது என் சீட்டை நானே எழுதுகிறேன் என்று சொன்னேனா? சொல்லவில்லை.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். டிராம் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். சுடச் சொன்னபோது சிப்பாய்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். நூறு வயதுவரை ஆள வேண்டியவர், எங்கள் மருத்துவமனை ஆம்புலன்சில் வெள்ளைத் துணியைத் தலை மறைய இழுத்துப் போர்த்தி, பிணமாக நடித்துத் தப்பிக்கப் பார்த்து, பாலத்தில் மாட்டிக்கொண்டார். தெருவெல்லாம் ஆட்டம் பாட்டம். அண்ணியும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதோம். அன்று காலை பதினொரு மணிவரை விசில் எங்களுக்குத் தோழர். சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்தபோது சட்டையில் கட்சிச் சின்னத்தைக் காணோம், இனிமேல் ஐயா என்று கூப்பிடுங்கள் என்றார். ஒரே மாதத்தில் விசாரணைக் குழுவில் ஊழியர்களின் பிரதிநிதியாக உட்கார்ந்துவிட்டார். அந்தக் குழு ஒட்டியதுதான் நான் சொன்ன பட்டியல். அதில் பெயர் இருந்தால் வேலையும் இல்லை, குடியிருப்பும் இல்லை.

மருத்துவமனைச் சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை. குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர், மூக்கின் நுனியில் கண்ணாடி. ஆயிரத்து எண்பது என்று வாசித்ததும் கூட்டம் காறித் துப்பியது. எங்கள் சலவையகப் பெண்கள் எட்டுப் பேரும் கடைசி பெஞ்சில் இருந்தார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்போல. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து, எண்ணினது போதும், ஒரே ஒரு சீட்டையாவது படித்துப் பாருங்கள் என்று கத்தினேன்.

ஆய்வாளர் சலிப்போடு கட்டிலிருந்து ஒன்றை உருவினார். கொட்டாவி. இன்னொன்றை உருவினார். தும்மல். முப்பது சீட்டு படித்தார். கூடத்தில் சிரிப்பு எழுந்து, தானாக அடங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விசில் அவர் காதில் குனிந்து ஏதோ ஓதினார். பிறகு தீர்ப்பு மாதிரி ஒன்று வந்தது. சூழ்நிலை புரிகிறது, ஆனால் அச்சான பட்டியலில் பெயரை அடிக்க விதியில் இடமில்லை. பழைய ஆட்சிக்கு ஒத்துழைத்தேன், வருந்துகிறேன் என்று சம்பந்தப்பட்டவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால் மன்னித்து வேலையில் வைத்துக்கொள்ளலாம். வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேசையில் தள்ளி வைத்தார்.

அப்போதுதான் கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு வாய் வந்தது. தையல்காரி எழுந்து வந்து அண்ணியின் தோளைத் தொட்டாள். யாருடைய தாளை அண்ணி வாங்கி எழுதினாரோ, அதே தையல்காரி.

"ஒன்னே ஒன்னுதானேக்கா, எழுதிக் குடுத்துடுங்க. உங்களுக்குப் பழக்கம்தானே."

எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. அண்ணி அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டார். தாளைப் பார்த்தார், ஆய்வாளரைப் பார்த்தார்.

"ஆயிரத்து எண்பதும் பொய்தாங்க. யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் எழுதினேன். இதுவும் பொய். ஆனா இதை நீங்க படிப்பீங்க, நிஜம்னு வச்சுக்குவீங்க. நான் எழுத மாட்டேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே நடந்தார். நரம்பு புடைத்த அந்தக் கால்களோடு, யாரையும் திரும்பிப் பார்க்காமல்.

அறையைக் காலி செய்ய ஏழு நாள் கொடுத்தார்கள். விசாரணையைக் குலைத்ததற்காக எனக்கும் சீட்டு கிழிந்தது. இப்போது தொழிற்சாலைப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் இருக்கிறோம். நான் துவைக்கிறேன், அண்ணி இஸ்திரி போடுகிறார். பட்டியலை மூன்றாவது முறையாக அச்சடித்துப் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். நான் போய் நின்று கடைசி வரிவரை படித்தேன். விசிலின் பெயர் எங்கேயும் இல்லை. இருக்கவும் முடியாது. அவர் தன் கையால் ஒரு சீட்டுக்கூட எழுதியதில்லை.