நாடி பிடித்துக்கொண்டு ரம்மி ஆட முடியாது

மாரடைப்புக்குப் பின் ஆஸ்பத்திரியிலிருந்து தாம்பரம் வீட்டுக்கு வந்த எனக்கு ஒரே உத்தியோகம்தான்: இடது மணிக்கட்டில் விரல் வைத்து, உள்ளே ஓடுகிறதா என்று பார்ப்பது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சாப்பிடும்போதும் பார்ப்பேன், ரசம் ஆறிவிடும். படி ஏறுவதில்லை. கோபம் கூடாதென்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன். காபி பச்சைத்தண்ணீராக வந்தாலும் ஞானிபோல் புன்னகைத்தேன். அதைப் பார்த்துத்தான் என் மனைவி பயந்துபோனாள்.

இதயம் தேறிவிட்டது, பயத்துக்குத்தான் வைத்தியம் வேண்டும் என்று டாக்டர் குரோம்பேட்டையில் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று ஆட்டோ முழுக்கப் பொருமினேன், மெல்லிய குரலில்.

"எதுக்கு சார் ரொம்ப பயம்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஸ்டேஷன் மேம்பாலம். பாதியில நின்னுடும்."

"பாலமா?"

"ஹார்ட்டு, மேடம்."

அவர் சிரிக்காமல் என்னைத் தன் மாடிப்படியில் ஏற்றி இறக்கினார். நெஞ்சு தடதடத்தது. "அடிக்கறது அதோட வேலை. தானா அடங்கும். நீங்க மணிக்கட்டைத் தொடாம இருங்க." அடங்கியது. வாராவாரம் இதே கூத்து. கடைசியில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்: பழைய ரயிலில், பழையபடி ஆபீஸ் போக வேண்டும்.

மேம்பாலத்தைக் கல்யாணப் பெண்போல் அடியடியாகக் கடந்தேன். பெட்டியில் எங்கள் சீட்டாட்டக் கோஷ்டி, முழங்கால்களின் மேல் சூட்கேஸ், என் ஜன்னலோரத்தில் ஒரு கைக்குட்டை.

"வா மச்சான். இத்தினி நாளா உன் எடத்துல கர்ச்சீப்தான் ஆபீஸ் போய்கினு இருந்துச்சு" என்றார் எதிர் சீட்டு நண்பர்.

முதல் ஆட்டம் ஜெயித்தேன். பல்லாவரத்தில் அடுத்ததும் எனக்கே. மூன்றாவதில், நான் ஆட்டீன் ராஜாவை எடுத்ததைப் பார்த்துவிட்டே நண்பர் எனக்குத் தோதாக ஆட்டீன் ராணியைக் கீழே போட்டார். மற்ற இருவரும் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னய்யா நடக்குது இங்க?"

"தோத்தா டென்ஷன் ஆவேன்னு உன் வூட்டுக்காரம்மாதான் சொல்லிகீறாங்க."

கத்தினேன். பிச்சை போடுகிறீர்களா, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று கத்தியதில் கீரைக்கூடைக்காரம்மா எழுந்து வேறு இடம் போய்விட்டார். பிறகுதான் காதுக்குள் அந்தத் தடதடப்பு கேட்டது. வலது கை மணிக்கட்டைத் தேடிப் போனது. ஆனால் இடது கையில் விசிறியாகச் சீட்டுகள். நாடி பார்க்க வேண்டுமென்றால் சீட்டை இறக்க வேண்டும். இறக்கினால் இந்தத் திருடர்கள் பார்த்துவிடுவார்கள்.

ராணியைத் தொடாமல் சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். உருப்படாத சீட்டு.

கிண்டிக்குள் நண்பர் ஆட்டத்தை முடித்தார். என் கையைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஃபுல் கவுண்ட்டு, அத்தினி பாயின்ட்டும் உன் தலையில. ஒண்ணும் ஆவலியே மச்சான்?"

நெஞ்சின் தடதடப்பு எப்போது அடங்கியது என்று தெரியவில்லை, கவனிக்க மறந்திருந்தேன்.

"கலைச்சுப் போடுய்யா" என்றேன். கடற்கரை வரை தோற்றுக்கொண்டே போனேன். இன்றைக்கு நினைத்தாலும், அவ்வளவு சுகமாக நான் எதிலும் ஜெயித்ததில்லை.