அரிசி வாளிக்குள் ஒரு பதக்கம்

சுவிஸில், அட்லிஸ்வில்லில் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் யோகாம்பாள் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு வெறும் பஞ்சு. முப்பது வருடமாக முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. பெரிய அண்டாவைத் தனியாகத் தூக்குவார். மகன் சயன் ஒருமுறை தும்மினால் அன்று அவருக்குத் தூக்கம் இல்லை.

சுவிஸ் குடியுரிமை உள்ள மற்றப் பையன்களைப் போலச் சயனும் வருடத்துக்கு மூன்று வாரம் ராணுவத்துக்குப் போய்வருகிறான். போன சனிக்கிழமை லீவில் வந்தவனின் சீருடையை இஸ்திரி போட எடுத்த அக்கா, நெஞ்சுப் பையின் மேல், பதக்கத்துக்கு அடையாளமாகக் குத்தும் சின்ன வண்ணப் பட்டி ஒன்றைக் கண்டார். பதக்கம்! அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காரணம் இருக்கிறது. ஊரில் யுத்தம் நடந்த காலத்தில் அவருடைய அண்ணன் போராளி இயக்கத்துக்குப் போனவர். ஒருநாள் அண்ணனின் வீரப் பதக்கம் வீட்டுக்கு வந்தது. அண்ணன் வரவில்லை.

சரி, மகனிடம் கேட்டாரா? கேட்டால் அது யோகாம்பாள் அக்கா இல்லையே. பட்டியைக் கழற்றி அரிசி வாளிக்குள் புதைத்தார். நேரே முருகன் கோயிலுக்குப் போய், மகன் பால்காவடி எடுப்பான் என்று நேர்ந்துவிட்டு வந்தார். பதக்கம் இல்லாதவனைச் சண்டைக்கு அனுப்ப மாட்டார்களாம். என்ன மூளை!

ஞாயிறு பின்னேரம் நான் கறி கொடுக்கப் போனபோது சயன் வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தான். முகாமுக்குத் திரும்பும் ரயிலுக்கு அரை மணித்தியாலம்தான் இருந்தது.

“அம்மா, என்ரை பட்டியைக் கண்டனீங்களோ?”

அக்கா ஓவென்று அழத் தொடங்கிவிட்டார். “உண்மையைச் சொல்லடா. ஆரைச் சுட்டனீ? உன்னை எங்கை அனுப்பப் போறாங்கள்?”

சயன் சீருடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். “அம்மா, இஞ்சை வீரத்துக்குப் பதக்கமே இல்லை. இத்தனை நாள் ஒழுங்கா வந்து நிண்டதுக்குத்தான் இது. எல்லாருக்கும் குடுப்பினம்.”

“சும்மா நிண்டதுக்கோ?”

“ஓம் அம்மா.”

“முருகனாணை?”

“முருகனாணை.”

அக்கா முகத்தைத் துடைத்தார். வாளிக்குள் கைவிட்டுப் பட்டியை எடுத்து, ஊதி, தானே அவன் நெஞ்சில் குத்திவிட்டார். காவடி நேர்ந்ததையும் அப்படியே சொல்லிவிட்டார். சயன் தலையில் கைவைத்தான்.

வாசலில் அவனை மறித்து, “இன்னும் கனநாள் நிண்டால் வேறை பட்டி தருவினமோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“அப்ப எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு வா.”