தானாக வந்த பச்சைப் புள்ளி

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் வானிலை வரும். தம்பி இருக்கும் ஊரில் இன்றைக்கு மழையா வெயிலா என்று திரையின் ஒரு மூலையில் காட்டிவிட்டு அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். அடுத்து ரேடியோ, எப்போதும் பாதிப் பாட்டோடு. அதன் பின்னால் மருத்துவ அகராதி, தட்டச்சுப் பக்கம், டாக்டர்களின் குரலை ஓட்டும் மென்பொருள். "வாங்க வாங்க, இடிச்சுக்காம ஒவ்வொருத்தரா வாங்க" என்று டீ டம்ளரை வைத்தபடியே முணுமுணுப்பார் ஹெட்போன் அக்கா. கடைசி ஆள் மட்டும் தானாக வருவதில்லை. அதை அக்காதான் கையால் திறக்க வேண்டும். இன்றைக்கு மவுஸின் மேல் கை இருக்கிறது, விரல் இன்னும் அழுத்தவில்லை.

ஹெட்போன் அக்கா என்பது கீழ்வீட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர். குப்பை கொட்டக் கீழே வரும்போதும் கழுத்தில் ஹெட்போன் தொங்கும், அதன் வால் இடுப்பில் செருகியிருக்கும். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் இரண்டு அறையும் ஒரு குளியலறையும் வாடகைக்கு. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு மளமளவென்று பேசிப் பதிவு செய்து அனுப்புவதை, வீட்டில் உட்கார்ந்தே கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுப்பது தொழில். மேசைக்கடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு பெடல். அழுத்தினால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். "நான் காலை எடுத்தா கப்சிப்னு நிக்கற ஆம்பளைங்க இவங்க மட்டும்தான்" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

முகம் பார்க்காமலே அவர்களை எல்லாம் அக்காவுக்குத் தெரியும். இதய டாக்டருக்குச் சளி பிடித்தால் முதலில் தெரிவது இங்கேதான். "உடம்பைப் பாத்துக்கோங்க டாக்டர், ஊருக்கெல்லாம் சொல்றீங்க" என்பார். எலும்பு டாக்டர் அவசரத்தில் சொல்லை விழுங்கினால், "எந்த ரயிலைப் பிடிக்கப் போறீரு?" என்று அதட்டிவிட்டுத் திரும்ப ஓட்டிக் கேட்பார். எல்லாம் உதட்டுக்குள்ளேதான். சிலநாள் சாயங்காலம் வரை வாய்விட்டு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். அப்புறம் யாராவது கதவைத் தட்டினால் முதல் சொல் கரகரவென்று உடைந்து வரும். அது அவருக்கு வெட்கமாக இருக்கும்.

தம்பி கம்ப்யூட்டர்காரன். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகுமுன் அக்காவின் கம்ப்யூட்டர் பெட்டியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, ஒரு சாளரத்தைத் திறந்து காட்டினான். "இதுல எதுக்கெல்லாம் டிக் போடறியோ, நீ பாஸ்வேர்ட் அடிச்சு உள்ள வந்ததும் அதெல்லாம் தானா திறந்துக்கும். ஒண்ணொண்ணா தேட வேணாம்க்கா." சும்மா இருப்பாரா அக்கா? கண்ணில் பட்டதற்கெல்லாம் டிக் போட்டார். மறுநாள் காலையில் அத்தனையும் ஒரே நேரத்தில் பஸ்ஸில் ஏறுவது போல முண்டியடித்து, பெட்டி திணறி நின்றுவிட்டது. ஒவ்வொன்றும் சில வினாடி விட்டு வரும்படி தாமதம் வைக்கலாம் என்று அக்காவே தட்டித் தடவிக் கண்டுபிடித்துக்கொண்டார்.

அந்த வரிசையில் கடைசியாக வந்தது அரட்டைச் செயலி. அது திறந்தால் தம்பியின் திரையில் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். "அது வந்தா போதும்க்கா, நீ எழுந்து வேலைக்கு உக்காந்துட்டேன்னு தெரிஞ்சுக்கறேன். வரலேன்னா உடனே போன் பண்ணுவேன்." நல்ல ஏற்பாடுதான். அதுவரை தினமும் காலையில் போன் செய்துகொண்டிருந்தவன், அதற்கப்புறம் செய்யவில்லை. தேவைப்படவில்லை. அக்காவுக்கு அது உறுத்தியது, ஆனால் வாய்திறந்து சொல்லவில்லை.

ஒருநாள் அசந்து தூங்கிவிட்டார். புள்ளி வரவில்லை. தம்பி போன் செய்தும் காதில் விழவில்லை. தம்பி பதறிப்போய்க் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட, அவர் மேலே வந்து கதவை இடிக்க, அக்கா தலைவிரி கோலமாக வந்து நின்றார். தம்பி போனில் திட்டவில்லை. "மீட்டிங்ல இருந்து பாதியில எழுந்து வெளிய ஓடி வந்துட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னான். அந்தக் குரலில் இருந்த களைப்பு அக்காவுக்குத் தாங்கவில்லை. நான் ஒரு தொல்லையாகிவிட்டேனா என்று ஒருநாள் முழுக்க மருகினார்.

கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்தார். காலையில் பெட்டி தானே உயிர்பெறும்படி, பாஸ்வேர்ட் கேட்காமல் தானே உள்ளே போகும்படி மாற்றச் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் கை வைக்காவிட்டால் புள்ளி மஞ்சளாகிவிடும். அந்தப் பழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் கடைக்காரர். "என் தம்பி நிம்மதியா இருக்கட்டும்" என்றார் அக்கா. அதன்பின் அக்கா புரண்டு படுத்திருந்தாலும் பச்சைப் புள்ளி நேரத்துக்கு வேலைக்குப் போனது.

மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலை, குளியலறையில் கால் வழுக்கியது. இடுப்பு பிடித்துக்கொண்டது. எத்தனை பேருடைய இடுப்புவலியை அடித்துக் கொடுத்த கை! ஈரத் தரையில் ஊன்றி எழ முடியவில்லை. போன் முன்னறையில் சார்ஜில் கிடந்தது. கத்திப் பார்த்தார், மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முன்னறையில் பெட்டி தானே உயிர்பெறும் விசிறிச் சத்தம் வந்தது. பாதிப் பாட்டோடு ரேடியோ. வரிசை தப்பாமல் எல்லாம் வந்துகொண்டிருந்தன. கடைசியில் அரட்டைச் செயலியின் 'டிங்'.

"அடப்பாவி, நான் வரலடா! நான் இங்க கிடக்கறேன்!" என்று அக்கா வாய்விட்டு அழுதார். அந்த நிமிடத்தில் தம்பி தன் திரையைப் பார்த்து நிம்மதியாகியிருப்பான் என்று அவருக்குத் தெரியும். விழுந்ததைவிட அதுதான் பயமாக இருந்தது.

காப்பாற்றியது ரேடியோ. பகல் முழுக்கப் பாடி, ராத்திரியும் ஓயாமல் பாடியதில் கீழ்வீட்டுக்காரருக்குத் தூக்கம் போயிற்று. விடிந்ததும் சண்டைக்கு வந்துவிட்டார். "ஏம்மா, இது வீடா கச்சேரி மேடையா? மனுஷன் தூங்க வேணாமா?" என்று கதவைத் தட்டியவருக்கு, பாட்டுக்கு நடுவில் ஒரு முனகல் கேட்டது. வீட்டுச் சொந்தக்காரரிடம் மாற்றுச்சாவி வாங்கித் திறந்தார்கள்.

தம்பி ஓடிவந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். "பச்சையா இருந்துச்சேக்கா. ராத்திரிகூட பச்சையாவே இருந்துச்சு. பாவம், வேலை ஜாஸ்தி போலன்னு நெனச்சேன்." அக்கா உண்மையைச் சொன்னதும் அவன் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். லீவு முடிந்ததும் போனான். போகுமுன் பெட்டியின் மேல் கை வைத்தவனை அக்கா தடுத்தார். "விடு, நான் போட்ட டிக்கை நானே எடுக்கறேன்."

எடுத்தார். அரட்டைச் செயலி இனித் தானாகத் திறக்காது, பாஸ்வேர்டும் திரும்பி வந்தது. ரேடியோ மட்டும் தன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. ராத்திரியில் அது ஓயாமல் பாடினால் மேலே ஓடி வர வேண்டும் என்று இப்போது கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். மற்றபடி வாழ்க்கை பழையபடிதான். அக்கா கையால் திறக்கிறார், புள்ளி எரிகிறது, தம்பி போன் செய்வதில்லை.

ஆனால் எப்போதாவது ஒருநாள், இன்றைக்குப் போல, அக்கா திறக்காமல் உட்கார்ந்திருப்பார். தப்புதான், அவருக்கும் தெரியும். ஒருமுறை பயத்தில் செத்துப் பிழைத்த தம்பியை இப்படிச் சோதிக்கலாமா? "மறந்துட்டேன்டா" என்று சொல்ல வேண்டிய பொய்யும் நாக்கு நுனியில் தயார். டீ ஆறிப்போயிற்று. இதய டாக்டரின் பதிவு காத்திருக்கிறது, பெடலில் கால் இல்லை. அவனுக்கு வேலை இருக்கும், குழந்தைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருப்பான், திரையை இன்னும் பார்த்திருக்க மாட்டான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். பார்த்தும் கூப்பிடாமல் இருந்துவிட்டால் என்ற நினைப்பு வந்ததும் விரல் மவுஸை அழுத்தப் போகிறது.

போன் அடித்தது.

அக்கா பாய்ந்து எடுக்கவில்லை. ரேடியோவை அணைத்தார். கழுத்திலிருந்து ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். போன் அடித்துக்கொண்டே இருக்க, சுவரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹலோ" என்றார். கரகரவென்று வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை, "ஹலோ." இந்த முறை கொஞ்சம் தெளிந்திருந்தது. மூன்றாம் முறையும் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனைக் கையில் எடுத்தார்.